எழுதினவர் என்ன வேலை பார்த்தவர்? – கதை, கவிதை அல்லாத நூல்கள் பற்றி ஒரு இழை

வாசிகசாலை (கோண்டாவில்)

எங்கடை சனசமூக நிலையத்திலை கதை, கவிதை அல்லாத புத்தகங்களுக்கெண்டு ஒரு அலுமாரி ஒதுக்கிறம். சரித்திரம், வைத்தியம், சட்டம், இசை, குளம், கோயில் எண்டு எல்லாம் கலந்து கிடக்குது. பட்டியல் எழுதேக்கை ஆசிரியரின்ரை பேருக்குப் பக்கத்திலை அவர் பார்த்த உத்தியோகத்தையும் குறிச்சுக்கொண்டு போனன். எழுதித்தான் சீவிச்சவர் எண்டு சொல்லக்கூடிய ஆள் ஒருத்தரும் அகப்படேல்லை.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் குருவாகிறதுக்கு முன்னம் ரயில்வேயிலை எழுதுவினைஞர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வாத்தியார், பத்திரிகை ஆசிரியர், சென்னையிலை அரசாங்கக் கணக்கு அலுவலர், பிறகு சட்டம் படிச்சுப் புதுக்கோட்டையிலை நீதிபதி. ஆனந்த குமாரசுவாமி புவிச்சரிதவியல் படிச்சு, 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளர். ‘பண்டைய யாழ்ப்பாணம்’ எழுதின முதலியார் இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழக்காற்றுச் சட்டம்) பற்றி எழுதின எச். டபிள்யூ. தம்பையா நீதியரசர். 1859இலை யாழ்ப்பாணத்திலை அச்சான ‘தமிழ் புளூட்டாக்’ (தமிழ்ப் புலவர் வரலாறு) எழுதின சைமன் காசிச்செட்டியும் சிவில் சேவைக்காரன்.

கேள்வி இதுதான். அந்த வேலை புத்தகத்துக்குள்ளை தெரியுதோ? இல்லை, சம்பளத்துக்கு ஒண்டு, ஆசைக்கு வேறொண்டோ? நல்ல புத்தகத்திலை தெரியுது எண்டுதான் நான் நினைக்கிறன். உங்கடை அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ. அலுமாரியிலை விடுபட்ட பேர்களையும் சொல்லுங்கோ.

மதகு (கிளிநொச்சி)

முதல்லை விடுபட்ட பேர்: பொறியியலாளர் ச. ஆறுமுகம். நீர்ப்பாசனத் திணைக்களத்திலை பிரதிப் பணிப்பாளராய் இருந்தவர். நானும் அதே துறையிலை சின்ன ஆளாய் இருக்கிறபடியால் இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிக் கதைப்பன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எண்ட திட்டம் அவரின்ரை பேரோடைதான் வழங்குது. குடாநாட்டிலை ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழை சுண்ணக்கல்லுக்குள்ளை நிக்கிற மழைத்தண்ணிதான் எங்கடை குடிதண்ணி. அதுக்கு அவர் கண்ட வழி: ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடலிலை இருந்து மறிக்கிறது. கனகராயன் ஆத்துத் தண்ணி வருசா வருசம் அதுக்குள்ளை விழ, உப்புக் கரைஞ்சு நன்னீர் ஆகும். முள்ளியானிலை ஒரு வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணியை வடமராட்சிக் கடல்நீரேரிக்கு விடுறது. தொண்டைமானாறு, அரியாலை ரெண்டிடத்திலையும் தடுப்பணை போட்டு உப்புத்தண்ணி திரும்பி வராமல் பாக்கிறது. தடுப்பணையள் கட்டினவை. முள்ளியான் வாய்க்கால் முடியாமல் நிண்டிட்டுது. அதோடை முழுத்திட்டமும் நிண்டிட்டுது.

இப்ப புத்தகத்துக்கு வாறன். இலங்கையின்ரை நீர்வளம் பற்றி 1969இலை அவர் எழுதினதை நாங்கள் இப்பவும் தூக்கிப் பாக்கிறனாங்கள். அதை எழுதின கையே பிறகு பழைய இந்துக் கோயில்களைப் பற்றி எழுதிச்சுது. அதுக்கும் பிறகு இலங்கைத் தமிழரின்ரை வாழ்க்கை வரலாற்று அகராதி ஒண்டையும் தொகுத்துது. ‘இஞ்சினியருக்குக் கோயில் எதுக்கு’ எண்டு ஒரு ஐயா என்னைக் கேட்டவர். வன்னியிலை குளக்கட்டு வழிய நடந்த ஆளுக்கு அந்தக் கேள்வியே வராது. பழைய குளம் இருந்தால் பக்கத்திலை ஐயனாரோ பிள்ளையாரோ இருப்பார். கட்டைப் பார்க்கப் போறவன் கோயிலையும் பார்த்துத்தான் வரோணும்.

மூண்டு புத்தகத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. மூண்டும் இருப்பேடுதான்: எங்கை இருக்கு, என்ன இருக்கு, என்ன நிலைமை. அலங்காரம் ஒண்டும் இல்லை. குளத்தைப் பதியிற மாதிரியே மனுசரையும் பதிஞ்சிருக்கிறார். வாசிக்கச் சுவை குறைவு எண்டு ஆரும் சொன்னால் நான் மறுக்கமாட்டன். ஆனால் முப்பது வருசம் போய்த் தேடினாலும் தேடினது கிடைக்கிற புத்தகம் அதுதான்.

தட்டிவான்

கனிப்பொருள் அளவைக்காரர் எப்பிடிச் சிற்பத்துக்குப் போனவர் எண்டு ஆராவது சொல்லுங்கோ. எனக்கு அதுதான் விளங்கேல்லை.

வாசிகசாலை

@தட்டிவான் குமாரசுவாமி 1904இலை தோரியனைட் எண்ட கனிமத்தைக் கண்டெடுத்தவர். அந்த வேலைக்காகத் தீவு முழுக்கத் திரிஞ்சவர். திரியேக்கை கண்டியைச் சுத்தின கிராமங்களிலை கொல்லன், தச்சன், நெசவுகாரன், சாயம் போடுறவன் எண்டு ஒவ்வொரு கைவினைஞனும் என்ன செய்யிறான், எதை வைச்சுச் செய்யிறான் எண்டு குறிச்சு எடுத்தார். மனிசி எதெல் படம் பிடிச்சா. அதுதான் 1908இலை ‘இடைக்காலச் சிங்களக் கலை’ எண்ட பெரிய புத்தகமாய் வந்தது. அதைத் தானே கிட்ட நிண்டு கையச்சிலை அடிச்சவர். பிற்காலத்திலை பொஸ்ரன் நூதனசாலைக்குப் போய்ச் சிவநடனம், வேதாந்தம் எண்டு எழுதினதெல்லாம் உயரத்திலை இருந்து பேசுற மாதிரி இருக்கும். எனக்குப் பிடிச்சது இந்த முதல் புத்தகந்தான். சாயத்துக்கு எந்த வேர், இரும்பை எப்பிடி உருக்கிறது எண்டு கல்லைப் பாக்கிற கண்ணாலை பாத்திருக்கிறார்.

நூலாம்படை (திருநெல்வேலி)

வணக்கம். நான் வரலாறு படிக்கிறேன். எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் சரித்திரம் எழுதியவர்களால் எங்களுக்குக் கிடைத்த தொல்லையும் உண்டு. முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உழைப்பு வியக்கவைக்கும். கிரேக்கர் குறிப்பு, சங்கப் பாட்டு, மகாவம்சம், யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்று நூலான வைபவமாலை எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். ஆனால் பெயர் ஒத்துப்போனால் இடமும் ஒத்துப்போகும் என்று நினைத்து நாகர் அரசுகளை அடுக்கிக்கொண்டு போகிறார். அந்த ஊகங்கள் நூறு வருடமாகக் கோயில் மலர்களிலும் ஊர்ச் சரித்திரங்களிலும் முடிந்த முடிவாக மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. அவருடைய முடிவுகளோடு அவர் காலத்திலேயே முரண்பட்டவர் ஞானப்பிரகாசர். 1928இல் வந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ வைபவமாலையை வரிவரியாகச் சோதிக்கிற நூல். அவரும் தொழில்முறை வரலாற்றாசிரியர் இல்லைத்தான். ஆகவே உத்தியோகத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இவர்களுக்குப் பக்கத்தில் கா. இந்திரபாலாவை வையுங்கள். 1965இல் இலண்டனில் ஆய்வுப் பட்டத்துக்கு எழுதியதன் முடிவுகள் பலவற்றைத் தொல்லியல் சான்றுகள் பெருகிய பிறகு விட்டுவிட்டு, 2005இல் புதிதாக ஒரு நூல் எழுதினார். பயிற்சி பெற்றவருக்கு அது முடிகிறது. ஆர்வத்தால் எழுதுபவர் தன் ஊகத்தைப் பிள்ளை மாதிரிப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்.

ஸ்காபரோ யாழ்

தம்பி நூலாம்படை, நீங்கள் சொல்லுறது சரி எண்டே வைப்பம். ஆனால் இராசநாயகம் எழுதின காலத்திலை யாழ்ப்பாணத்திலை வரலாற்றுத் துறை எங்கை இருந்தது? பல்கலைக்கழக வளாகம் வந்ததே 1974இலைதான். அந்த மனிசன் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) வேலை முடிஞ்சு வந்து லாம்பு வெளிச்சத்திலை எழுதாட்டி ஆர் எழுதியிருப்பினம்?

அதோடை, வளாகத்துக்கு முதல் தலைவராய் வந்த கைலாசபதியும் ‘தினகரன்’ ஆசிரியராய் இருந்தவர். சிவத்தம்பி பாராளுமன்றத்திலை உடனடி மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். பேராசிரியர்மாரிலும் நேரே வகுப்பறைக்குள்ளை பிறந்து வந்த ஆக்கள் குறைவு.

நூலாம்படை

ஐயா, அதை ஏற்கிறேன். கைலாசபதியின் கட்டுரைகளில் பத்திரிகைக்காரர் தெரிகிறார்: முதல் பந்தியிலேயே சண்டை தொடங்கிவிடும். சிவத்தம்பியின் வாக்கியம் நீளமாக, அடைப்புக்குள் அடைப்பாகப் போகும். மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. :)

மானிப்பாய் மருமகள்

ஆம்பிளையள் எல்லாரும் சரித்திரத்திலையே நிக்கிறியள். நான் ஆஸ்பத்திரி ஆள், என்ரை பக்கத்துக்கு வாறன்.

டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இலை அமெரிக்காவிலை இருந்து வந்தவர். மானிப்பாயிலை ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்கலாம் எண்டு துணிஞ்சு, உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் எண்டு பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தனியச் செய்யேல்லை, படிச்ச மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டு செய்தவர். அறுபதுக்கு மேற்பட்ட ஆக்கள் அவரிட்டைப் படிச்சு டொக்டர்மாராய்ப் போச்சினம். 1873இலை ஊர் திரும்பினவர், 1884இலை காலமானார். ‘தமிழருக்கு மருத்துவ ஊழியர்’ எண்டு தன்ரை கல்லறையிலை போடச் சொன்னவர்.

வாசிகசாலை அண்ணையின்ரை கேள்விக்கு என்ரை பதில் இதுதான். உந்தப் புத்தகங்கள் நாளைக்கு வகுப்புக்கு வேணும் எண்டதுக்காக எழுதப்பட்டவை. அடுத்த நாள் ஒரு பெடியன் உதை வாசிச்சிட்டு நோயாளியைத் தொடப்போறான். அப்பிடி ஒரு வாசகனை வைச்சுக்கொண்டு எழுதேக்கை வழவழா கொழகொழா எண்டு எழுத ஏலாது.

தட்டிவான்

வெள்ளைக்காரரையும் அலுமாரியிலை வைக்கிறதெண்டால் பல்தேயுஸ் பாதிரியாரை விடாதேங்கோ. ஒல்லாந்தர் காலத்திலை யாழ்ப்பாணத்திலை குருவாய் இருந்து, 1672இலை புத்தகம் போட்டவர். றொபேட் நொக்ஸ் மாலுமி. கண்டி ராச்சியத்திலை பத்தொன்பது வருசம் அகப்பட்டுக் கிடந்து, 1679இலை அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தவர். இங்கிலீசு எழுத்தாளர் லெனாட் வூல்ப் 1905இலை எங்கடை கச்சேரியிலை வேலை பழகினவர்.

வாசிகசாலை

வூல்ப் நல்ல உதாரணம். யாழ்ப்பாணத்திலை பார்த்த வேலையைப் பற்றி அவர் எழுதின சுயசரிதைப் பாகம் 1961இலைதான் வந்தது. மன்னார் முத்துக்குளிப்புக்குப் போனது, கச்சேரிக்குள்ளை தான் எப்பிடி ஒரு சின்ன ராசா மாதிரி நடந்தவர் எண்டது எல்லாத்தையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கதிரையிலை இருக்கேக்கை அப்பிடி எழுதியிருக்க ஏலுமோ? உத்தியோகத்தை விட்ட பிறகு வாற நேர்மை ஒண்டு இருக்கு.

ஓய்வுபெற்ற பௌதிகம் (வண்ணார்பண்ணை)

இவ்வளவு நேரமும் ஒருவரும் விபுலாநந்த அடிகளைத் தொடவில்லை. ஆச்சரியமாக இருக்கிறது.

அடிகள் காரைதீவில் பிறந்தவர், கிழக்கு மாகாணத்தார். ஆனால் துறவியாவதற்கு முன் மயில்வாகனம் மாஸ்ரராக யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920இல் இலண்டன் பி.எஸ்ஸி. முடித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையும் தேறியவர். பிறகு இராமகிருஷ்ண மிஷன், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் பதவி. பழந்தமிழ் இசைக்கருவியான யாழைப் பற்றிய ‘யாழ்நூல்’ 1947 யூனில் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அந்த நூலைப் பக்தியோடு போற்றுகிறவர்கள் நிறைய. திறந்து கணக்கைப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் உயர்தர வகுப்புக்கு ஒலியியல் படிப்பித்த காலத்தில் அதிலிருந்து உதாரணம் எடுத்திருக்கிறேன். இழுவிசை மாறாமல் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும். சுரமானியில் எந்த மாணவனும் செய்து பார்க்கும் பரிசோதனை இது. அடிகள் இதை வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குள் இறங்கினார். குரல், துத்தம், கைக்கிளை என்று உரைகாரர் சொல்லிக்கொண்டு போகும் நரம்புகளுக்குப் பின்ன எண்களைப் பொருத்தினார். பாட்டு எப்படித் தொகுக்கப்பட்டது என்று பண்டிதர் அறிவார். நரம்பு எப்படி ஒலிக்கும் என்று விஞ்ஞான ஆசிரியர் அறிவார். இரண்டு பேரும் ஒரே காவிக்குள் இருந்தபடியால்தான் வில்யாழும் பேரியாழும் வெறும் பெயர்களாக நிற்காமல், செய்து மீட்டிப் பார்க்கக்கூடிய கருவிகளாக வெளியே வந்தன.

நூலாம்படை தம்பிக்கு ஒரு சொல். யாழின் வடிவத்தைப் பற்றி அடிகள் சொன்னதில் ஊகமும் உண்டு. ஆனால் கணக்கு எது, ஊகம் எது என்று வாசகன் பிரித்துக்கொள்ளலாம். விகிதங்களைத் திறந்து வைத்திருக்கிறார், பிழை என்றால் நீரே பெருக்கிப் பாரும். தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளிலும் அந்தக் குணத்தைக் காண்கிறேன். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும் சரி, அதற்கு முன் தொல்காப்பியப் பொருளதிகாரத்திலும் சரி, ஏடு எங்கிருந்து வந்தது, எது சிதைந்திருந்தது என்று சாட்சிகளை நிறுத்துவது போல எழுதுகிறார். கணக்குச் சாலையும் நீதிமன்றமும் பழக்கிய கை அது.

நூலாம்படை

மாஸ்ரர், இப்போது நாங்கள் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். என்ன வேலை பார்த்தார் என்பதை விட, அந்த வேலையின் சோதிக்கும் முறையைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தாரா என்பதுதான் முக்கியம். இராசநாயகம் தன் அலுவலகத்தில் ஒரு காணி உறுதியைப் பெயர் ஒற்றுமையை மட்டும் பார்த்து ஏற்றிருப்பாரா? மாட்டார். நாகர் விடயத்தில் ஏற்றார்.

அப்படியானால் சட்டத் தட்டில் தம்பையாவுக்குப் பக்கத்தில் தேசவழமையையே வையுங்கள். கிளாஸ் ஈசாக்ஸ் என்ற ஒல்லாந்த திசாவை (மாவட்ட நிர்வாகி), பல காலம் இங்கே இருந்து அறிந்ததைத் தொகுத்து 1707இல் கொடுத்தது அது. பன்னிரண்டு முதலியார்மார் வாசித்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வந்தது. ஒரு நூலைப் பன்னிரண்டு பேர் சரிபார்ப்பது இன்றைக்கு எங்கே நடக்கிறது?

வெண்காயத் தோட்டம் (உரும்பிராய்)

அந்தப் பன்னிரண்டு பேரும் ஆர்? காணியுள்ள ஆம்பிளையள். சீதனத்தைப் பற்றின பகுதியை ஒரு பொம்பிளையிட்டையும் காட்டிச் சரி பாத்திருக்க மாட்டினம்.

மேலை இவ்வளவு பேர் வந்திட்டினம், பொம்பிளை எண்டு குமாரசுவாமியின்ரை மனிசி ஒருத்திதான். அதுவும் படம் பிடிச்சவ எண்டு அரை வரியிலை. :(

மானிப்பாய் மருமகள்

சரியாய்ச் சொன்னியள் தங்கச்சி. லீச் சகோதரிகள், மேரியும் மார்கிரெட்டும், இஞ்சை ஊழியம் செய்திட்டு 1890இலை ‘இலங்கையில் ஏழு ஆண்டுகள்’ எண்டு எழுதினவை. எங்கடை ஆக்களிலை மங்களம்மாள் மாசிலாமணி 1923இலை ‘தமிழ் மகள்’ எண்ட பத்திரிகையை நடத்தினவ.

மதகு

போர்க்காலத்தைப் பற்றின ‘முறிந்த பனை’யை ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லப் பயமோ தெரியாது. வாசிகசாலையின்ரை கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை. எழுதின நாலு பேரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆக்கள். ராஜன் ஹூலும் சிறீதரனும் கணிதம். தயா சோமசுந்தரம் மனநல வைத்தியர். ரஜனி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். ஒருத்தரும் அரசியலோ வரலாறோ படிப்பிச்சவை இல்லை. 1989 செப்ரெம்பர் 21 ரஜனியைச் சுட்டுக் கொலைசெய்தவை. புத்தகம் 1990இலை அச்சிலை வந்தது.

தயா சோமசுந்தரம் பிறகு போர் மனசுக்கு என்ன செய்யிது எண்டு தமிழிலை ‘மனவடு’வும், 1998இலை ஆங்கிலத்திலை ஒரு நூலும் எழுதினவர். ரெண்டும் ஆஸ்பத்திரி வோட்டிலை நோயாளியோடை கதைச்ச ஆளின்ரை எழுத்து.

மட்டுறுத்துநர்

நூல் பற்றிக் கதையுங்கோ. இயக்கம், இராணுவம் எண்டு சண்டை தொடங்கினால் இழையைப் பூட்டுவம். இதுக்கு முன்னம் பூட்டின இழையளை எல்லாரும் அறிவியள்.

ஸ்காபரோ யாழ்

மட்டுறுத்துநருக்கு: சண்டை இல்லை, ஒரு வரி மட்டும். ரஜனி எழுதின பகுதியிலை இந்திய இராணுவ காலத்திலை பொம்பிளையள் பட்டதை ஒவ்வொருத்தியாய்க் கேட்டு எழுதியிருக்கிறா. டொக்டர் நோயாளியிட்டை விபரம் எடுக்கிற முறை அது. எங்கை, எப்ப, ஆர், அதுக்குப் பிறகு என்ன. வெண்காயத் தோட்டம் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அதிலை இருக்கு.

வேறை ஒரு பேரும் சொல்லவேணும். கொக்குவில் அ. முத்துலிங்கம், பட்டயக் கணக்காளர், ஐ.நா. வேலையிலை ஆபிரிக்கா எல்லாம் திரிஞ்சவர். அவரைக் கதைக்காரர் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும். கட்டுரைத் தொகுப்புகளை இந்த அலுமாரிக்கு எடுங்கோ.

வெண்காயத் தோட்டம்

கேக்கலாமோ தெரியேல்லை, கேக்கிறன். நான் விவசாயப் போதனாசிரியர். நாங்கள் போற தோட்டங்களிலை கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று கூடின இடங்கள் கனக்க. வெண்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற பசளை சுண்ணக்கல்லுக்குள்ளாலை கெதியாய் இறங்கிவிடும். மலக்குழியும் பக்கத்திலை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை போனால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் குடுக்கப்படாது. இது ஆராய்ச்சிக் கட்டுரையளிலை இங்கிலீசிலை இருக்கு. தோட்டக்காரருக்குத் தமிழிலை ஒரு புத்தகமாய் இல்லை. தோட்டத்திலை கேட்டது, பாத்தது எல்லாம் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன். நான் எழுத்தாளரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தர் வேறை. எழுதலாமோ?

நூலாம்படை

எழுதுங்கள் அக்கா. நான் மேலே சொன்னதை வைத்துத் தயங்காதீர்கள். எந்த அளவீடு எப்போது, மழைக்கு முன்னா பின்னா, யார் அளந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போடுங்கள். உங்கள் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். எனக்கு அது போதும்.

மதகு

தங்கச்சி, நானும் அரசாங்க உத்தியோகத்தருக்கான அதே தாபன விதிக்கோவைக்குக் கீழை இருக்கிற ஆள்தான். திணைக்களத்தின்ரை அளவீட்டை வெளியிடுறதெண்டால் அனுமதிக் கடிதம் எடுங்கோ. இழுபடும், ஆனால் எடுங்கோ. தோட்டக்காரர் உங்களோடை கதைச்சது, எந்தப் பயிருக்கு எந்த மாசத்திலை எவ்வளவு பசளை போடீனம், கிணத்துக்கும் மலக்குழிக்கும் எத்தினை அடி எண்டது, இதுகளை முதல்லை எழுதத் தொடங்கலாம். ஆறுமுகம் ஐயாவின்ரை கோயில் புத்தகங்கள் ஓய்வுக்குப் பிறகு வந்தவை. நீங்கள் ஓய்வு மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம், தண்ணி அதுமட்டும் நிக்காது.

ஓய்வுபெற்ற பௌதிகம்

பிள்ளை, அலகுகளில் கவனம். நைத்திரேற்று என்று 50 சொல்லுவார்கள், நைத்திரேற்று நைதரசன் என்று 10 சொல்லுவார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் நல்ல கிணறும் கெட்ட கிணறாகிவிடும். எழுதிய பகுதிகளை அனுப்பினால் எண்களை நான் பார்த்துத் தருவேன்.

மானிப்பாய் மருமகள்

கைக்குழந்தைப் பகுதியை எனக்கு அனுப்புங்கோ. தாய்மார் விளங்குற மாதிரி இருக்கோ எண்டு கிளினிக்கிலை வாசிச்சுக் காட்டிப் பாக்கிறன். வாசிச்சிட்டு அவை என்ன திருப்பிக் கேக்கினமோ, அதையும் எழுதி அனுப்பிறன்.

வாசிகசாலை

அலுமாரியிலை தண்ணித் தட்டிலை இடம் விட்டாச்சு. ஒரே ஒரு வேண்டுகோள். கிணத்துச் சொந்தக்காரரின்ரை பேரைப் போடாதேங்கோ, காணி விலை விழுந்திட்டுது எண்டு சண்டைக்கு வருவினம். ‘உரும்பிராய் கிழக்கு, கிணறு 4’ எண்டு போட்டால் காணும்.

வெண்காயத் தோட்டம்

நாலாம் நம்பர் எங்கடை வீட்டுக் கிணறுதான். அதுக்குப் பேர் போட்டாலும் பறவாயில்லை. :) மாஸ்ரர், மின்னஞ்சலைத் தனிமடலிலை போடுங்கோ. வெண்காயம் கிண்டி முடிய முதல் பகுதி வரும்.